அக்டோபர் 2: பழிவாங்க மறுத்த இருவர்

அக்டோபர் 2 என்றதும் நம் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளின் பிறந்த நாளும் பள்ளி விடுமுறையும் நினைவுக்கு வரும். இஸ்லாமிய வரலாற்றிலும் அத்தேதிக்கு ஓர் இடம் உண்டு என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

1187ஆம் ஆண்டு அக்டோபர் 2, ஹிஜ்ரி 583 ரஜப் 27, வெள்ளிக்கிழமை. அன்றுதான் ஜெரூசலம் நகரம் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களிடம் வந்தது. அன்று வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டியின்படி இத்தேதி குறிக்கப்படுகிறது.

அதற்கு 88 ஆண்டுகளுக்கு முன், 1099 ஜூலை 15 அன்று சிலுவைப்படையினர் அந்நகருக்குள் நுழைந்தபோது முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். அந்த இரத்தத்திற்குப் பழிதீர்க்க வேண்டும் என்ற வேட்கை படையில் இருந்தது. தொடக்கத்தில் சுல்தானும் நகரை வாளால் வெல்வதாகவே கூறினார். ஆயினும் பேச்சுவார்த்தைக்குப் பின் அவர் மீட்புத்தொகைக்கு இணங்கினார். ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என்பது ஒப்பந்தம். ஏழைகளில் பலரைத் தொகையின்றியே விடுவித்தார். அவருடைய தம்பி அல்ஆதில், தமக்கென ஆயிரம் பேரைக் கேட்டுப் பெற்று அவர்களுக்கு விடுதலை அளித்தார். தொகை செலுத்த இயலாத பல்லாயிரவர் அடிமைகளாக்கப்பட்டதும் வரலாறே. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1099இன் படுகொலை அங்கே மீண்டும் நிகழவில்லை. கிறிஸ்தவர்களின் புனிதத் தேவாலயத்தை இடித்துவிடலாம் என்று சிலர் கூறிய யோசனையையும் சுல்தான் ஏற்கவில்லை.

காந்தியடிகள் பிறந்தது 1869 அக்டோபர் 2. பிரிவினையின் துயரம் தலைநகர் டெல்லியைச் சூழ்ந்திருந்த வேளையில், பாகிஸ்தானிலிருந்து அனைத்தையும் இழந்து வந்தோரின் சினம் அங்கிருந்த முஸ்லிம்கள்மீது திரும்பியது. 1948 ஜனவரி 13 அன்று, தம் 78ஆம் வயதில், அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாடவும், கைப்பற்றப்பட்ட பள்ளிவாசல்கள் திருப்பித் தரப்படவும், மெஹ்ரௌலியில் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் உரூஸ் வழக்கம்போல் நடைபெறவும் தலைவர்கள் உறுதியளித்த பின்னரே, ஜனவரி 18 அன்று அதை முடித்தார். பன்னிரண்டாம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தேதிகளின் ஒற்றுமை தற்செயலானது. நாளுக்கென்று தனி ஆற்றல் ஏதுமில்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. இருவரும் தடுத்து நிறுத்தியது எதிரியை அல்ல. காயம்பட்டிருந்த தம்மவரின் பழியுணர்ச்சியை. மக்கா வெற்றியின்போது, தம்மை ஊரைவிட்டே விரட்டியவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழங்கிய பொதுமன்னிப்பு இவ்வழியில் நமக்கு முன்மாதிரியாக நிற்கிறது.

சொத்துத் தகராறிலோ உறவுப் பிணக்கிலோ நம் கை ஓங்கும் நாள் நமக்கும் வரும். அன்று நம் வீட்டாரே பழைய கணக்கைத் தீர்க்கச் சொல்வார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக.