அல்சேஷன்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கேற்றில் ‘நாய் கவனம்’ பலகையைக் கண்டால் பலரின் மனத்தில் முதலில் வந்து நிற்பது அல்சேஷன். ஜேர்மனியில் இதன் பெயர் ஆட்டுமந்தை நாய், தொழிலும் அதுவே. வேலியில்லாத வயலோரத்தில் மந்தை பயிருக்குள் இறங்காதபடி எல்லையில் நாள்முழுதும் ஓடித் திரியும். குதிரைப்படை அதிகாரி மக்ஸ் வொன் ஸ்ரெபானிட்ஸ் 1899 ஏப்ரலில் அப்படியொரு நாயை வாங்கி, ஹொராண்ட் எனப் பெயரிட்டு, இனச் சங்கத்தையும் தொடங்கினார். முதல் உலகப் போரில் ஜேர்மனி என்ற சொல்லே பிரித்தானியருக்குக் கசந்தது. அதனால் அங்குள்ள கெனல் கிளப் இந்த இனத்தை ‘அல்சேஷன் ஓநாய் நாய்’ என்று பதிந்தது. ‘ஓநாய்’ பின்னர் உதிர்ந்தாலும் அச்சம் உதிரவில்லை. ஆடுகளைக் குதறும், டிங்கோ என்ற காட்டுநாயோடு கலக்கும் என்று அவுஸ்திரேலியா 1929இல் இறக்குமதியையே தடைசெய்தது. மந்தை காத்த நாய்க்கு மந்தையின் பெயரால் தடை! பிரித்தானியா 1977இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கொழும்பில் இன்றும் அல்சேஷன்தான்.

பெயரோடு வந்த மூர்க்கப் பட்டம் பொருந்தாது என்பதற்கு இந்த இனம் பார்த்த வேலைகளே சாட்சி. 1916இல் ஓல்டன்பேர்க்கில், போரில் பார்வையிழந்த படையினருக்கு வழிகாட்டப் பழக்கப்பட்டவையும் இந்த நாய்களே. அப்படியானால் கடிப்பது ஏன், பரம்பரைக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு: அந்நியரைச் சந்தேகிப்பதும் எல்லையை விடாமல் சுற்றுவதும் இரத்தத்தில் ஊறியவை. ஆனால் அந்த ஓட்டத்தை இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டால் சந்தேகம் மட்டுமே மிஞ்சும். தெருவில் போகும் மீன்காரரின் குரலுக்கெல்லாம் அது பாயும். வீட்டுக்காரர் அதைக் காவல் என்று மெச்சிக்கொள்வார்.

கொழும்பு வெக்கைக்கும் தொடர்மாடிக்கும் இது ஆகாது என்பது மற்ற ஆட்சேபம். அதில் பாதி நியாயம். வெயில் ஏறுமுன் வெள்ளவத்தைக் கரையில் ஒரு மணிநேரம் நடத்தி, மாலையில் சொல் கேட்கப் பழக்கினால் மாடிவீட்டிலும் வாழும். சும்மா கிடந்தால் பெரிய முற்றமும் போதாது. வெக்கைக்கென்று மயிரை மழிப்பது பிழை, வெயில் நேரே தோலைச் சுடும். உதிரும் உள்மயிரைச் சீவி எடுத்தால் போதும். உண்ணி பார்ப்பதும், விசர்நோய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போடுவதும் எந்த நாய்க்கும் உரியவை. இந்த இனத்தின் தனிக்கேடு இடுப்பு மூட்டு. வழுக்கும் மாபிள் தரையில் குட்டி கால் விரிந்து விழுந்து எழும்புவது பார்க்க வேடிக்கை, மூட்டுக்கு வினை; ஒரு சாக்கையாவது விரித்துவிடுங்கள். வாங்குமுன் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள்.