வால்பாறை: நிலப் பயன்பாட்டு, சுற்றுச்சூழல் நெறிமுறைகளின் வரலாறு

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள மலை நகராட்சி வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கு வர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 70,859, வார்டுகள் 21. நகராட்சி எல்லைக்குள் பெரும்பரப்பு தேயிலைத் தோட்டம். நடுநடுவே காப்பியும் சோலைக்காட்டுத் துண்டுகளும். கடைவீதியும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் சிறு பகுதிதான். எங்கே கட்டலாம், எந்த மரத்தை வெட்டலாம், எந்தச் சரிவைத் தொடக்கூடாது என்பதை இங்கே நகர்மன்றம் தனியாக முடிவு செய்ததே இல்லை. எஸ்டேட் நிர்வாகம், வனத்துறை, வருவாய்த்துறை, தலைமைச் செயலகம் எனப் பல கைகள் ஒன்றரை நூற்றாண்டாக எழுதி வந்த விதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இங்கே படிந்துள்ளன.

முதல் நில வரைபடத்தை எழுதியவர்கள் தோட்டக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் காப்பி வந்தது. 1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற ஆங்கிலேயர்கள் பெருமளவில் காட்டைத் திருத்தினர். மார்ஷின் சிலை கவர்க்கல்லில் சாலையோரம் நிற்கிறது. பின்னர் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. மேட்டில் மேலாளர் பங்களா, ஆற்று நீர் கிடைக்கும் இடத்தில் தொழிற்சாலை, வரிசையாகத் தொழிலாளர் லைன் வீடுகள், விறகுக்கு யூக்கலிப்டஸ் என ஒவ்வொரு எஸ்டேட்டும் தன் நிலத்தைத் தானே வகுத்துக்கொண்டது. காடர், முதுவர், மலைமலசர் பழங்குடியினர் நடந்து பழகிய தடங்களுக்கும் யானைகளின் வழிகளுக்கும் அந்த வரைபடத்தில் இடமில்லை. வால்பாறையின் இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே காலத்தில் சமவெளியில் நகரமைப்புச் சிந்தனை வேறு வழியில் வளர்ந்தது. பேட்ரிக் கெடஸ் 1915-இல் சென்னை மாகாண நகரங்களைப் பற்றி எழுதிய அறிக்கையில் கோயம்புத்தூரும் உண்டு. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. மலைக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை என்றே சொல்லலாம். இங்கே நிலத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தவை வேறு சட்டங்கள்: 1949-இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1955-இன் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம். கடைசிச் சட்டம் தேயிலை, காப்பி போன்ற தோட்டங்களுக்கு விலக்கு அளித்ததால் பெரிய எஸ்டேட்டுகள் துண்டாகாமல் நின்றன. நில வகைப்பாடு என்ற பெயரைத் தாங்காமலே நிலத்தின் பயன்பாட்டை உறைய வைத்த விதி இது. வால்பாறைப் பீடபூமி ரிசார்ட் மனைகளாகச் சிதறாமல் இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

இன்று தமிழகத்தில் திட்டமிடலுக்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். ஒரு பகுதியைத் திட்டப்பகுதியாக அறிவித்து, உள்ளூர்த் திட்டக் குழுமம் அமைத்து, இப்போதுள்ள நிலப் பயன்பாட்டை அளந்து, குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, பொது, வேளாண்மை எனப் பிரித்து முழுமைத் திட்டம் வரைவது அதன் முறை. அரசின் இசைவு பெற்ற வரைவு அறிவிக்கப்பட்டதும் ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்டு. ஒப்புதலுக்குப் பின் அதற்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்த முடியாது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகரமைப்பு, நிலப் பயன்பாட்டு ஒழுங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு மூன்றையும் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்து, இவற்றை நகராட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்க வழி செய்தது. தமிழகத்தில் அந்த ஒப்படைப்பு இன்னும் அரைகுறைதான். பெரிய கட்டடங்களும் மனைப்பிரிவுகளும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மேசைக்கே போகின்றன. நகராட்சியின் கையில் எஞ்சுவது சிறு கட்டடங்களுக்கான அனுமதி, குடிநீர், குப்பை, தெரு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் விதிகளை ஒருமுகப்படுத்தியது; மலை நகராட்சிக்கும் சமவெளி நகராட்சிக்கும் உள்ள வேறுபாடு அதில் போதிய அளவு எடை பெறவில்லை.

மலைக்கென்று தனியாக வந்த வடிகட்டி, மக்கள் 'ஹாகா' என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990 பிப்ரவரியில் அரசாணை 44 இதை அமைத்தது. அதன் வரம்புக்குள் வரும் ஊர்களை 2003 மார்ச்சில் வந்த அரசாணை 49 பட்டியலிட்டது. இவ்வூர்களில் ஒருவர் கட்ட நினைத்தால் பட்டாவும் வரைபடமும் போதாது. மண் அரிப்பையும் சரிவையும் வேளாண் பொறியியல் துறை பார்க்கும். நிலச்சரிவு வாய்ப்பைப் புவியியல் சுரங்கத்துறை பார்க்கும். மரங்களையும் காட்டின் அருகாமையையும் வனத்துறை பார்க்கும். இந்தத் தடையின்மைச் சான்றுகள் சேர்ந்த பிறகே கோப்பு நகரும். அலைச்சல் என்று பலரும் அலுத்துக்கொள்வது உண்மை. ஆனால் ஒரு சரிவை ஜேசிபி கொண்டு செங்குத்தாக வெட்டினால் என்ன ஆகும் என்று கட்டும் முன்பே கேட்கும் ஏற்பாடு இது. இந்த அலைச்சல் தேவையானது.

விதி இருந்தும் விலக்கு அதைத் தின்றுவிடக்கூடும் என்பதற்குக் கொடைக்கானலின் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு சான்று. அனுமதித்ததற்கு மேல் தளங்கள் எழும்பின. அரசு விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கில் 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. அனுமதியற்ற காட்டேஜ்கள் பெருகும் வால்பாறை கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

வால்பாறையின் நில விதிகளில் கொங்குச் சமவெளிக்கும் நேரடிப் பங்கு உண்டு. இந்த மலையில் பெய்யும் மழை நீராறு, சோலையாறு அணைகளில் தேங்கி, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்கள் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கு இறங்குகிறது. இங்கே ஓடைக்கரைக் காடு அழிந்தால் அந்த மண் அணைக்குள் படியும். அதே ஓடைக்கரைகள்தான் யானைகளின் வழியும். நகரை ஒட்டி ஓடும் நடுமலை ஆற்றின் கரைக்காட்டை அவை பகலில் ஒதுங்கவும் கடந்து செல்லவும் பயன்படுத்துவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். எஸ்டேட் வரைபடங்களில் யானைத் தடத்துக்கு இடமில்லாத நிலையில், அந்தக் குறையை உள்ளூரில் வேறு விதமாக ஈடுகட்டினார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்களும் வனத்துறையும் எஸ்டேட்டுகளும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்க் கேபிள் டிவியிலும் அறிவித்தனர். உயரமான கம்பங்களில் கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளை வைத்தனர். புதுத்தோட்டத்தில் சாலை கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்காக மரங்களுக்கு இடையே தொங்குபாலங்கள் கட்டினர். சிதைந்த சோலைத் துண்டுகளை எஸ்டேட் ஒப்புதலோடு மீட்கும் பணியும் கால் நூற்றாண்டாக நடக்கிறது. எந்தச் சட்டமும் சொல்லாமல் நிலத்தின் உரிமையாளரும் அங்கே வாழ்பவரும் ஒத்துக்கொண்ட இந்த ஏற்பாடு, காகிதத்தில் உள்ள பல மண்டலங்களைவிட உயிருள்ள திட்டமிடல்.

விதிகள் மறந்துபோன இன்னொரு தரப்பு தொழிலாளர்கள். பணி ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மலையில் சொந்த மனைக்கு நிலம் அரிது. 2001-இல் சுமார் 95,000 ஆக இருந்த மக்கள்தொகை பத்தாண்டில் 70,859 ஆகச் சரிந்ததற்குக் கூலியோடு இந்த வீடின்மையும் காரணம். கீழே திருப்பூர், கோவைக்கு இறங்கிய குடும்பங்கள் திரும்பவில்லை.

2019 ஆகஸ்ட் மழையில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ள கல்லார்குடியில் மண் சரிந்து காடர்களின் வீடுகள் அழிந்தன. அவர்கள் எஸ்டேட் குடியிருப்பில் தங்க வைக்கப்பட்டனர். தங்கள் காட்டிலேயே பாதுகாப்பான இடமாகத் தெப்பக்குளமேட்டைத் தேர்ந்து, 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் போராடினர். 2021-இல் அங்கே நிலம் கிடைத்தது. எங்கே குடியிருப்பது என்பதை அந்நிலத்தை அறிந்தவர்களே முடிவு செய்த நிகழ்வாக, வால்பாறையின் திட்டமிடல் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்வுமிக்க பகுதிக்கான வரைவு அறிவிப்பை மத்திய அரசு 2014 முதல் திரும்பத் திரும்ப வெளியிட்டு வருகிறது. ஆறாவது வரைவு 2024 ஜூலையில் வந்தது. தமிழகத்தில் 6,914 சதுர கி.மீ. அதில் அடங்கும். இதற்கிடையே உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது 2024 மே மாதத்திலேயே வந்துவிட்டது.