ஈடு என்னும் சொல்: கேஎல்எம் வழக்கை முன்வைத்து

2024 மார்ச் 20 அன்று ஆம்ஸ்டர்டாம் மாவட்ட நீதிமன்றம் நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்துக்கு எதிராக ஒரு தீர்ப்பு வழங்கியது. ஃபோசில்ஃப்ரை என்ற சூழலியல் அமைப்பு 2022இல் தொடுத்த வழக்கு அது. ஆராய்ந்த 19 விளம்பரக் கூற்றுகளில் 15 நுகர்வோரைத் தவறாக வழிநடத்துபவை என்று நீதிமன்றம் கண்டது. நிறுவனம் அவற்றை ஏற்கெனவே கைவிட்டிருந்ததால் தடையோ திருத்த அறிவிப்போ விதிக்கப்படவில்லை. ஆகவே இது வெறும் அடையாள வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. காலநிலை வாக்குறுதி ஒன்றை எப்படிச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டியதே இத்தீர்ப்பின் பெறுமதி.

தன் நூற்றாண்டான 2019இல் ‘பொறுப்புடன் பறப்போம்’ என்ற பொருள்படும் இயக்கத்தை கேஎல்எம் தொடங்கியது. நேரில் சந்தித்தே ஆக வேண்டுமா, ரயிலில் போக முடியாதா என்று தன் பயணிகளையே கேட்டது. ஒரு விமான நிறுவனம் அப்படிக் கேட்டது அரிது; அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்தப் பொறுப்பு யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பயணச்சீட்டுடன் சிறு தொகை சேர்த்துக் கட்டினால் பனாமாவில் காடு வளர்க்க உதவலாம், பறத்தலின் பாதிப்பு அதனால் ஈடாகும் என்று பயணி நம்பவைக்கப்பட்டார்.

இங்கே வேதியியல் குறுக்கே நிற்கிறது. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; எரிபொருளில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. அந்த வாயுவின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். மரமோ சில பத்தாண்டுகளுக்குள் வெட்டப்படலாம், தீயில் போகலாம். பயணி கட்டும் பணத்துக்கும் அவர் ஏறிய விமானத்தின் புகைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதே நீதிமன்றத்தின் வாதத்திலும் மையமாக இருந்தது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘ஈடு’ என்றால் சமம், நிகர். ‘இதற்கு அது ஈடாகாது’ என்று அன்றாடம் சொல்கிறோம். ‘கரிம ஈடு’ என்று நாம் மொழிபெயர்க்கும்போதே, நிறுவப்படாத ஒரு சமன்பாட்டை நிறுவப்பட்டதாக ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ‘கரிமப் பங்களிப்பு’ என்பதே நேர்மையான சொல்லாக எனக்குப் படுகிறது.

இரண்டாவது சிக்கல் வகுத்தியில் இருக்கிறது. 2019உடன் ஒப்பிட, 2030க்குள் ஒரு டன் சுமையை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்வதற்கான உமிழ்வை 30% குறைப்பது ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் குழுமத்தின் இலக்கு. இது விகிதம், மொத்த அளவன்று. இந்த இலக்கு முழுமையாக எட்டப்பட்டாலும், சுமந்து செல்லும் அளவு ஏறத்தாழ 43% கூடிவிட்டால் மொத்தப் புகை முன்பிருந்த அளவிலேயே நிற்கும். ஏர் நியூசிலாந்து இவ்விடத்தில் வெளிப்படையாக நடந்துகொண்டது: 28.9% என்ற தன் விகித இலக்கு மொத்த உமிழ்வில் 16.3% குறைப்புக்கே சமம் என்று சேர்த்தே சொன்னது. புதிய விமானங்கள் வருவதில் தாமதம், மாற்று எரிபொருளின் விலை ஆகியவற்றைக் காரணம் காட்டி, 2024 ஜூலையில் அது அந்த இலக்கையே கைவிட்டது.

மாற்று எரிபொருள் பற்றிய நம்பிக்கையும் பழையதே. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து 2011 ஜூனில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிசுக்குப் பயணிகளைக் கொண்டுசென்றது கேஎல்எம். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும், 2024இல் உலக விமான எரிபொருள் உற்பத்தியில் இவ்வகையின் பங்கு ஏறத்தாழ 0.3% என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமே கணக்கிட்டது. தேவை கூடியதற்காகச் சமையலறைகளில் கழிவெண்ணெய் பெருகுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2025இல் 2%, 2030இல் 6%, 2050இல் 70% கலப்பைக் கட்டாயமாக்குகிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி 2030க்குப் பிந்தியது.

கேஎல்எம் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தின் ஆண்டு விமான இயக்கங்களை 5,00,000இலிருந்து 4,40,000ஆகக் குறைக்க நெதர்லாந்து அரசு முயன்றது. அரசு சொன்ன முதன்மைக் காரணம் இரைச்சல்தான். ஆனாலும் மொத்தப் புகையையும் குறைத்திருக்கக்கூடிய அந்த நடவடிக்கையை எதிர்த்து கேஎல்எம் நீதிமன்றம் சென்றது. சட்டப்படி அது அதன் உரிமை. ஆயினும் குறைவாகப் பறக்குமாறு பயணியிடம் கேட்ட குரலையும் இந்த மனுவையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இருக்க முடியாது.

விமானப் பயணத்தை விளம்பரப்படுத்துவதை ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தடுக்கவில்லை. காலநிலை நோக்கங்களைச் சொன்னால் நேர்மையாகவும் திட்டவட்டமாகவும் சொல்ல வேண்டும் என்றது. பன்னாட்டு விமானப் போக்குவரத்தை ஆளும் ஏற்பாடோ வேறு திசையில் நகர்கிறது. ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016இல் ஏற்ற கோர்சியா திட்டப்படி, 2019 உமிழ்வில் 85%ஐ மீறும் வளர்ச்சிக்கு நிறுவனங்கள் கரிம வரவுகளை வாங்கிச் சரிக்கட்டலாம். சில விலக்குகளோடு அது 2027இல் கட்டாயமாகிறது. இந்தியாவும் அப்போதுதான் உள்ளே வருகிறது. ஒரு நுகர்வோர் வழக்கில் நிற்க முடியாமல்போன அதே ‘ஈடு’, நம் விமான நிறுவனங்களின் கணக்கேடுகளில் சட்டச் சொல்லாக எழுதப்படவிருக்கிறது.