பூட்டிய ஏடும் பொது மேசையும்

ஏட்டைக் கண்டு நடுங்கிய ஆட்சி உண்டா? உண்டு! சவுக்கும் துப்பாக்கியும் கையிலிருந்தும், அடிமையின் விரல் எழுத்தைத் தீண்டிவிடுமோ என்று அஞ்சிய ஆட்சி அமெரிக்க மண்ணில் இருந்தது. 1740இல் தென் கரோலினா, அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கிற்று. 1831இல் வர்ஜீனியா, விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் எழுதப் படிக்கக் கற்பதற்காகக் கூடலாகாது என்று சட்டமியற்றிற்று. ஏன்? எழுத்தறிந்தவன் 'ஏன்' என்று கேட்பான். கேட்கத் தொடங்கியவனை அடிமையாக வைத்திருத்தல் அரிது. நாள்தோறும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாம், அந்த அச்சத்தின் பொருளை நன்கறிவோம்.

அதே 1831இல், அச்சட்டம் எட்டாத பிலடெல்பியா நகரில், கறுப்பின மங்கையர் கூடி இலக்கியக் கழகம் ஒன்று கண்டனர். அவர்களுள் ஒருவர் சாரா மேப்ஸ் டக்ளஸ் எனும் ஆசிரியை. உறுப்பினர் தம் படைப்பைப் பெயரிடாது பெட்டியிலிடுவர். பின்னர் அதனை எடுத்துப் படித்துக் குறைநிறை ஆய்வர். அவ்வெழுத்துகளிற் சிலவற்றை, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய வெள்ளையரான காரிசன், தமது 'லிபரேட்டர்' இதழில் வெளியிட்டார். நிறத்தால் பிரிக்கப்பட்டோரை எழுத்து இணைத்தது.

1865இல் அடிமை முறை ஒழிந்தது, நிறவெறி ஒழிந்ததா? இல்லை! 1939 ஆகஸ்டு 21. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகர நூலகத்தில் கறுப்பின இளைஞர் ஐவர் உறுப்பினர் அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு நூலை எடுத்து அமைதியாகப் படிக்க அமர்ந்தனர். காவலர் வந்து கைது செய்தனர். படித்ததா குற்றம்? அறப்போரை வகுத்த இளம் வழக்கறிஞர் சாமுவேல் டக்கர் அவர்களுக்காக வாதாடினார். 1940இல் நகராட்சி, கறுப்பருக்கெனத் தனி நூலகம் திறந்தது. தனிக் குவளை நீட்டித் தாகம் தீர்த்தேன் என்பது போன்ற தந்திரம்! டக்கர் அதனை ஏற்க மறுத்தார்.

ஆண்டுகள் உருண்டன. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம், நூலகங்களில் நிலவிய நிறப் பாகுபாட்டிற்குத் தானும் துணைநின்றமைக்காக மன்னிப்புக் கோரிற்று. 2019இல் அவ்வைவர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எண்பது ஆண்டுகள்!

இதற்கிடையே, ஒரே நூலை ஊரே படித்து உரையாடும் வழக்கம் பரவியது. 2001இல் சிகாகோ நகரம், 1960இல் ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' புதினத்தைத் தேர்ந்தது. பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பருக்காக வெள்ளை வழக்கறிஞர் வாதாடும் கதை. நல்ல தொடக்கமே. ஆயினும், அதில் விரிவது வழக்கறிஞரின் பெருமை. குற்றம் சுமந்தவரின் குரலோ குறைவு. அக்குரலையும் தேடிப் படிக்க வேண்டாமா?

'நடந்ததை மறந்துவிடு' என்பது நல்லிணக்கமன்று. 'நடந்தது இது, தவறு எம்முடையது' என்பதே அதன் முதற்பாடம். தாழ் திறந்த பின்னரே மேசை பொதுவாகும். உண்மை பேசிய பின்னரே உள்ளம் ஒன்றாகும்.

படிப்பகம் நடத்தும் இளைஞர்களே! நூல்களை எண்ணுமுன் நாற்காலிகளை நோக்குங்கள். எவர் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்கிறார்? அவரை அழையுங்கள், அடுத்த நூலை அவர் தேர்ந்தெடுக்கட்டும்!