பட்டாவில் ஏர்ஸ், பேச்சில் சென்ட்

அமெரிக்கர்கள் இன்னும் மைல், பவுண்டு என்று அளப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அங்கே 1975-ல் வந்த மெட்ரிக் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் மாறவில்லை. இங்கே 1956-லேயே சட்டம் போட்டு சேரையும் வீசையையும் கடையிலிருந்து விரட்டிவிட்டார்கள்.

ஆனால் திருவண்ணாமலை கோயில் வாசலில் பூ இன்னும் முழம்தான்! (கை நீளமான பூக்கார அக்காவிடம் வாங்குவது எங்கம்மாவின் ரகசியம்.)

பூவில் குறைந்தால் நாலு பூ. நிலம் அப்படியில்லை நண்பர்களே. பழைய பத்திரங்கள் எல்லாம் ஏக்கர், சென்ட் கணக்கு. புதுப் பட்டாவில் 4.05 ஏர்ஸ் என்றிருந்தால் அது 10 சென்ட். ஏர்ஸையே சென்ட் என்று நினைத்து, பாதிக்கு மேல் நிலம் போச்சு என்று எங்க தாத்தா ஒரு வாரம் தூங்கவில்லை...