காது கேட்கிற விலை

1910-ம் வருடம். அமெரிக்கக் கடற்படை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தாள் நீலமும் இளஞ்சிவப்புமாக இருந்தது. எழுதியிருந்த மை ஊதா. பிரித்த அதிகாரி, யாருக்கோ போகவேண்டிய காதல் கடிதம் வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை.

ஆனால் விஷயம் காதல் இல்லை, காது! யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நேதானியேல் பால்ட்வின் என்பவர் எழுதியிருந்தார். தான் ஒரு ஹெட்போன் செய்திருப்பதாகவும், கடற்படை அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார். சோதித்தார்கள். அசந்துபோனார்கள். அதுவரை அவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. உடனே ஆர்டர் கொடுத்தார்கள். பால்ட்வினிடமிருந்து பதில் வந்தது. 'ஒரு தடவைக்கு பத்துதான் தரமுடியும்.'

ஏன் என்று விசாரித்தால், மனிதர் அதைத் தன் வீட்டுச் சமையலறையில் வைத்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இன்றைக்கு 'ஹை எண்ட்' ஹெட்போன் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, 'ஆம்ப்ளிஃபயர் எது சார் வெச்சிருக்கீங்க?' என்பதுதான். ஹெட்போன் விலைக்குச் சமமாக, சமயத்தில் அதற்கு மேலும், அந்தப் பெட்டிக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் பால்ட்வின் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் என்பதே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. நடுக்கடலில் கப்பலில் உட்கார்ந்திருக்கும் வயர்லெஸ் ஆபரேட்டருக்கு, ஏரியல் கம்பியில் வந்து விழுகிற துளியூண்டு மின்சாரம்தான் சொத்து. அதைப் பெரிதாக்க வழியில்லை. அந்தத் துளியிலேயே காதுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் எழுப்பவேண்டும். அதனால்தான் பால்ட்வின் ஒவ்வொரு காதுக் குப்பிக்குள்ளும் ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தார். அதாவது, ஆம்ப்ளிஃபயர் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் நல்ல ஹெட்போனே வந்தது. நூறு வருடத்தில் கதை எப்படித் தலைகீழானது பாருங்கள்.

பால்ட்வினின் மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். தலைப்பட்டைக்குக் காப்புரிமை வாங்கச் சொன்னபோது, 'இது ஒரு விஷயமா?' என்று விட்டுவிட்டார். 1920-களில் ரேடியோ மோகம் வந்தது, ஃபேக்டரி கட்டினார், பணம் கொட்டியது. அந்தப் பணம், பலதார மணத்தை விடமாட்டோம் என்று அடம்பிடித்த மார்மன் நண்பர்களின் திட்டங்களுக்குள் போய் மறைந்தது. 1924-ல் திவால். பிறகு பங்கு விற்பனை விவகாரத்தில் தபால் மோசடி வழக்கு, 1930-ல் தண்டனை, இரண்டு வருடம் சிறை. ஹெட்போனைக் கண்டுபிடித்தவர் அதனால் கடைசிவரை பணக்காரராக இருக்க முடியவில்லை.

அதன்பின் பல வருடங்களுக்கு ஹெட்போன் ஒரு தொழில் கருவி. ஆபரேட்டர், விமானி, ஒலிப்பதிவாளர் மாட்டிக்கொள்வது. 1937-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனி டி.டி. 48 என்று டைனமிக் ரகத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. பாட்டுக் கேட்பதற்கென்றே சாமானியர் தலையில் ஏறியது 1958-ல்தான். மில்வாக்கி நகரத்தின் ஜான் கோஸ், நண்பர் மார்ட்டின் லாங்குடன் சேர்ந்து ஒரு கைப்பெட்டி ரெகார்ட் பிளேயர் செய்தார். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் கேட்க, கூடவே ஒரு ஸ்டீரியோ ஹெட்போன். கண்காட்சியில் வைத்தார்கள். பிளேயரை யாரும் சீந்தவில்லை. ஹெட்போனுக்குக் கூட்டம் அம்மியது!

ஒரு சிக்கல். வீடுகளில் இருந்த ஆம்ப்ளிஃபயர்களில் ஹெட்போனைச் செருகத் துளையே கிடையாது. பிற்பாடு துளை வைத்தார்கள்தான், ஆனால் எப்படி? ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரத்தில் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு அடக்கி, 'இந்தா, இதுல கேட்டுக்கோ' என்கிற மாதிரி. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு ரசத்தில் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்த மரியாதை.

ஆனால் ஹெட்போன் சும்மா இருக்கவில்லை. ஜப்பானில் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960-ல் எஸ்.ஆர். 1 என்ற எலெக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் காந்தமும் இல்லை, கம்பிச் சுருளும் இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே, மூச்சுவிட்டால் அசையும் அளவுக்கு மெல்லிய சவ்வு. அதற்கு உயர் மின்னழுத்தம் ஏற்றவேண்டும். இன்றைய ஸ்டாக்ஸ்களில் அது 580 வோல்ட். நம் வீட்டு பிளக்கில் வருவதே 230-தான்! இதைக் கொண்டுபோய் எந்தத் துளையிலும் செருக முடியாது. அதற்கென்றே ஒரு தனிப் பெட்டி இல்லாவிட்டால் அது வெறும் தலை அலங்காரம்.

1968-ல் சென்ஹைசரின் எச்.டி. 414 வந்தது. மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்து, காதை மூடாமல் காற்றோட்டமாக இருந்த முதல் ஹெட்போன். ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1989-ல் வியன்னாவின் ஏ.கே.ஜி. கம்பெனி ஒரு விபரீதம் செய்தது. பெயர் கே. 1000. காதைத் தொடவே தொடாது. கதவைப் பாதி திறந்து வைத்த மாதிரி, இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் காதுக்குப் பக்கத்தில் தொங்கும்.

கணக்குப் போடுவோம். பி.காம். படித்தவனிடம் இதுதான் பிரச்னை, எதையும் கணக்கில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். சாதாரண இயர்போன் ஒரு மில்லிவாட் கொடுத்தால் சுமார் 100 டெசிபல் சத்தம் போடும். கே. 1000 அதே ஒரு மில்லிவாட்டில் போட்டது 74 டெசிபல். 26-தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கந்துவட்டி மாதிரி. பத்து கூடினால் சக்தி பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. 26-க்கு 400 மடங்கு! அதனால் கே. 1000-ஐ ஸ்பீக்கர் ஓட்டுகிற பெரிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டித்தான் கேட்டார்கள். பால்ட்வின் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இப்படித்தான் ஹெட்போனுக்கென்றே தனி ஆம்ப்ளிஃபயர் என்ற வியாபாரத்துக்கு வழி பிறந்தது. உச்சம், 1991. சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்ற ஜோடியை இறக்கியது. எலெக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன், கூடவே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். மொத்தமே 300 செட். பிறகு 2015-ல் அறிவித்த அதன் வாரிசான எச்.இ. 1-க்கு விலை சுமார் 50,000 யூரோ. அன்றைய மதிப்பில் 35 லட்ச ரூபாய்க்கு மேல். இத்தாலியின் கராரா பளிங்குக் கல்லில் குடைந்த பெட்டி. சுவிட்சைத் தொட்டால் எட்டு வால்வுகள் கண்ணாடிக் குடுவைகளோடு மெதுவாக மேலே எழுந்து வரும். கருவறைத் திரை விலகுகிற மாதிரி.

எதற்குப் பளிங்கு? வால்வுக்கு அதிர்வு ஆகாது, கல் அதிர்வைத் தடுக்கும் என்றார்கள். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு ஒன்று. ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, காதுக் குப்பிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஹெட்போன் எது, ஆம்ப்ளிஃபயர் எது என்று பிரிக்கமுடியாதபடி இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சரி, இப்போது உங்கள் பர்ஸுக்கு வருவோம். ஆயிரம் ரூபாய் ஹெட்போனுக்கும் முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கும் வித்தியாசம் தெரியுமா? தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். எது ஒசத்தி என்பதில் வேண்டுமானால் சண்டை வரும். 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதிவரை ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார். ஆக, வித்தியாசம் நிஜம், விலைதான் வழிகாட்டி இல்லை.

ஆம்ப்ளிஃபயர்? இங்கேதான் குடும்பச் சண்டை. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு பரீட்சை வைத்தது. 220 டாலர் பயனியர் ரிசீவர் ஒரு பக்கம். 12,000 டாலர் ஃபுட்டர்மேன் வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பக்கம். நடுவிலும் சில. ஸ்பீக்கரில் கேட்டார்கள், ஆனால் கேள்வி அதேதான். எது ஓடுகிறது என்று சொல்லமாட்டார்கள், சத்தத்தை நூலிழை பிசகாமல் சமமாக வைத்துவிடுவார்கள். 'வித்தியாசம் உண்டு' என்று சத்தியம் செய்கிறவர்கள், 'எல்லாம் பிரமை' என்பவர்கள், இரண்டு கட்சியும் சேர்த்து 25 பேர். முடிவு? காசு சுண்டிப்போட்டு பதில் எழுதியிருந்தால் எத்தனை சரியாக வருமோ, ஏறக்குறைய அத்தனைதான் வந்தது.

நீங்கள் நம்பவில்லை, தெரியும். நானும் நம்பவில்லை. என் நண்பர் ஒருவர் பி.எஃப். கடன் போட்டு ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தார். வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லியிருந்தார் என்பது தனிக்கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில், கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 'இப்ப பழசு... இப்ப புதுசு' என்று மாற்றி மாற்றிப் போட்டார். புதுசில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் அப்படியே வயிற்றில் இறங்கியது, தம்புரா தனியாகப் பிரிந்து நின்றது. சொன்னேன். நண்பருக்கு வாயெல்லாம் பல். துண்டை அவிழ்த்துப் பார்த்தால், பின்னால் நின்ற அவருடைய பத்தாவது படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வயரை மாற்றும் வேலை அவளுடையது. ஒரு தடவைகூட மாற்றவில்லையாம்! முழுக்கப் பழசிலேயே கேட்டிருக்கிறேன்.

நண்பர் சிரிக்கவில்லை. காபி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதன்பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காது பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்த மிருதங்கத்தை நான் நிஜமாகவே கேட்டேன். விலை, பளபளப்பு, நண்பரின் முகத்தில் இருந்த ஆசை எல்லாம் சேர்ந்துதான் காதுக்குள் போகின்றன. சத்தம் லேசாகக் கூடினால்கூட மனசு அதைச் 'சத்தம்' என்று கணக்கு எழுதாது. 'தரம்' என்று எழுதிக்கொள்ளும்.

அதற்காக எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்று என்று அடித்துச் சொல்லவும் முடியாது. மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கின் உயரம்தான் வோல்டேஜ். 300 ஓம் ஹெட்போன் மெல்லிய குழாய் மாதிரி, கொஞ்சமாகத்தான் தண்ணீர் இழுக்கும், ஆனால் உயரமான டேங்க் வேண்டும். உயரம் போதாவிட்டால் சத்தம் எழும்பாது, எழுப்பினால் உடையும். இது நிஜமான வித்தியாசம். இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரின் வாய்க்கே ஒரு எதிர்ப்பு உண்டு. அது அதிகமாக இருந்தால், சில ஹெட்போன்களில் பாஸ் வீங்கிவிடும். பல வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் கேட்கிற 'வெதுவெதுப்பு' பாதி இந்தச் சமாசாரம்தான். பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். போதுமான உயரம், குறைந்த எதிர்ப்பு, இரைச்சலின்மை, இந்த மூன்றும் இருந்துவிட்டால் அதற்குமேல் கொடுக்கிற காசு எங்கே போகிறது?

2011-ல் இந்தக் கேள்வியைப் பொதுவில் வைத்துக் கலாட்டா செய்தவருக்கு முகம் கிடையாது. இணையத்தில் 'என்டபிள்யூஏவிகய்' என்ற புனைபெயரில் எழுதினார். விலை உயர்ந்த அளவீட்டுக் கருவியில் வைத்து ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயராகத் தோலை உரித்தார். கம்பெனிகளுக்குக் கோபம், ரசிகர்களுக்கு அதைவிடக் கோபம். 'குறை சொல்வது சுலபம், நீ செய்து காட்டேன்' என்றார்கள். செய்து காட்டினார்! 'ஆப்ஜெக்டிவ் 2' என்று ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். உதிரிப்பாகம் வாங்கிச் சொந்தமாகப் பற்றவைத்தால் 100 டாலருக்குள் முடியும். அதை சுமார் 1,600 டாலர் பெஞ்ச்மார்க் பெட்டியோடு கண்ணைக் கட்டி ஒப்பிட்டபோது, தன்னாலும் உடன் கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். பெட்டியை அவர் விற்கவில்லை. சர்க்யூட் படத்தை இலவசமாக வெளியிட்டு, மாற்றாமல் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று சொல்லிவிட்டார். பல கம்பெனிகள் விற்றன. அவருக்கு ஒரு பைசா போகவில்லை.

2012-ன் நடுவில் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. அவரோடு சேர்ந்து வேலை செய்த கம்பெனிக்காரர்களுக்கே அவர் நிஜப்பெயர் தெரியாது. அடுத்ததாக, மேஜைமேல் வைக்கிற மாதிரி இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். அது வரவேயில்லை.