இப்னுன் நஃபீஸ் கண்ட இருதயம்

மீலாது மேடைகளில் நாம் அடிக்கடி செவியுறும் வாசகம் ஒன்றுண்டு: "இரத்த ஓட்டத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் ஒரு முஸ்லிம்." கேட்டு மகிழ்கிறோம், கலைந்து செல்கிறோம். அவர் கண்டது யாது, காணாதது யாது என்று வினவுவோர் அரியர். வினவினால் அப்பெரியாரின் புகழ் குன்றிவிடுமென்று அஞ்ச வேண்டுவதில்லை.

அவர் அலாவுத்தீன் இப்னுன் நஃபீஸ் (ரஹ்). திமிஷ்கு நகரத்து நூரீ மருத்துவசாலையில் வைத்தியம் பயின்று, மிஸ்ருக்குச் சென்று, கெய்ரோவில் தலைமை மருத்துவராக விளங்கியவர். நம்மவருள் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹை மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் போதித்த ஆலிமும் அவரே. ஹிஜ்ரி 640இல் (கி.பி. 1242) இப்னு சீனாவின் 'அல்-கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் ஒரு ஷரஹ் எழுதினார். செய்தி அதில்தான் இருக்கிறது.

அந்நாள் வரை மருத்துவ உலகை ஆண்டது யவன வைத்தியர் ஜாலீனூஸின் கொள்கை. உண்ட உணவு கல்லீரலில் இரத்தமாகிறது. வாய்க்கால் நீர் வயலில் சுவறிவிடுவதுபோல் அது உறுப்புகளில் சென்று தீர்ந்துவிடுகிறது. இருதயத்தின் வலப்புறத்தை அடையும் இரத்தத்தில் ஒரு பகுதி, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகள் வழியே இடப்புறம் கசிகிறது என்பது அவர் கூற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அத்துளைகளைக் கண்டதில்லை. ஆயினும் எல்லோரும் நம்பினர்.

குர்பானி ஆட்டின் இருதயத்தைக் குறுக்கே அரிந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கீழறைகள் இரண்டு, நடுவே தடித்த தசைச்சுவர். வல அறையின் புறச்சுவர் மெல்லியது, இட அறையினது அதைவிடப் பன்மடங்கு தடித்தது. வல அறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டுமே இரத்தத்தை அனுப்புகிறது. இட அறையோ தலை முதல் குளம்பு வரை செலுத்தியாக வேண்டும். மனிதனாயினும் மாடாயினும், பாலூட்டும் பிராணிகள் அனைத்திலும் அமைப்பு இதுவே. ஓய்வாயிருக்கும் மனிதனின் இருதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது.

ஷரஹ் என்பதன் முறையை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். மூலாசிரியரின் சொல்லை முன்வைத்து, அதன்கீழ் விரிவுரையாளர் தம் விளக்கத்தை எழுதுவார். பெரும்பாலும் அது மூலத்தைத் தாங்கிப் பிடிப்பதாகவே அமையும். இப்னுன் நஃபீஸோ, ஷைகு இப்னு சீனாவின் சொல்லை மரியாதையுடன் எடுத்து வைத்துவிட்டு, அதே பக்கத்தில் மறுத்தார். இருதயத்தின் அறைகள் மூன்றல்ல, இரண்டே என்றார். நடுச்சுவர் கெட்டியானது, அதில் கண்ணுக்குத் தெரியும் துளையுமில்லை, தெரியாத துளையுமில்லை என்றார். அங்ஙனமாயின் வலப்புறத்து இரத்தம் இடப்புறம் சேர்வது எவ்வாறு? அது நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவிக் காற்றுடன் கலந்து, வேறொரு நாளத்தின் வழியே இட அறைக்கு மீள்கிறது என்பதே அவர் விடை. நுரையீரலில் அவ்விரு நாளங்களுக்குமிடையே இணைப்பு வழிகள் உண்டென்றும் எழுதினார். அவ்வழிகளை 1661இல் இத்தாலியரான மல்பீகி, பூதக்கண்ணாடியின் துணையால் தவளையின் நுரையீரலில் நேரில் கண்டார்.

ஷரீஅத்தும் தம் உள்ளத்து இரக்கமும் உடலை அறுப்பதினின்று தம்மைத் தடுத்தன என்கிறார் இப்னுன் நஃபீஸ். அது சொல்லுக்குச் சொல் உண்மையா, பழிக்கு அஞ்சிய முன்னெச்சரிக்கையா என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. சுவரின் கெட்டித்தன்மையை இத்துணை உறுதியாகச் சொன்னவர் எந்த இருதயத்தையும் தொட்டுப் பாராதவர் என்று நம்ப நமக்கு இயலவில்லை.

இனி, அவர் காணாதது. உடல் முழுவதும் சென்ற இரத்தம் மீண்டும் இருதயத்திற்கே திரும்பிச் சுற்றுகிறது என்று அவர் சொல்லவில்லை. கல்லீரலே இரத்தத்தை ஆக்குகிறது என்ற பழைய கொள்கையை அவர் விடவுமில்லை. முழுச் சுற்றையும் 1628இல் நிறுவியவர் ஆங்கிலேயரான ஹார்வி. அரைமணி நேரத்தில் இருதயம் தள்ளும் இரத்தம் உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சும்; உண்ட உணவிலிருந்து அவ்வளவையும் புதிதாக ஆக்க முடியுமா என்று அவர் கணக்குப் போட்டார். எனவே மேடையில் சொல்லத்தக்கது இது: இருதயத்திற்கும் நுரையீரலுக்குமிடையிலான ஓட்டத்தை முதலில் எழுதிவைத்தவர் இப்னுன் நஃபீஸ்.

ஐரோப்பாவில் அதே செய்தியை செர்வீட்டஸ் 1553இலும், கொலம்போ 1559இலும் வெளியிட்டனர். இப்னுன் நஃபீஸின் வேறொரு பகுதி 1547இல் வெனிஸில் லத்தீனில் அச்சானதால், அவர்கள் இவரிடமிருந்தே எடுத்தனர் என்று சொல்வாருளர். அதற்கு உறுதியான சான்று இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்வது நமக்கு அழகன்று.

நம்மை உறுத்துவது வேறொன்று. ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) வஃபாத்தாகுமுன், தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரீ மருத்துவசாலைக்கு வக்ஃபாக எழுதி வைத்தார் அவர். மாணவர் ஓதுவதற்காகவே வைத்தார். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, 1924இல், ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற முஹ்யித்தீன் அத்-ததாவீ என்ற மிஸ்ரு நாட்டு மாணவர் அந்த ஷரஹின் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்துத் தம் ஆய்வேட்டில் எழுதினார். அவர் அதைக் கண்டது பெர்லின் நகரத்து நூலகத்தில்.